0-க்கும் 1-க்கும் நடுவே

கூனிமேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வரும். அங்கே பாத்தியில் நிற்கும் நீரைக் காட்டி, "இது கடல்நீரா, உப்பா?" என்று கேட்டால் வேலை செய்பவர் சிரிப்பார். கடல்நீர் ஏறக்குறைய 3 போமே டிகிரி அடர்த்தியில் உள்ளே வருகிறது. வெயிலில் காய்ந்து, பாத்தி மாறிப் பாத்தி சென்று, 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கிறது. தொழில் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

நம் பள்ளிகளில் டிஜிட்டல் மின்னணுவியலைக் கற்பிக்கும்போது இந்த 'நடு' காணாமற் போகிறது என்பதே என் குறை. பிளஸ் டூ வகுப்பில் லாஜிக் கதவுகளைப் படிக்கிறீர்கள். நாட் கதவுக்கு 0 கொடுத்தால் 1 வரும். 1 கொடுத்தால் 0 வரும். உண்மை அட்டவணையை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

எங்கள் ஊர் மாணவர் ஒருவர் இதைச் செய்து பார்த்தார். அவர் மின் கிட்டார் வாசிப்பவர். ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியைக் கடையில் வாங்க வசதியில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்கு 4069 என்ற ஐ.சி. வாங்கி, தாமே ஒரு பெட்டி செய்தார். அதில் இருப்பவை ஆறு நாட் கதவுகள், வேறொன்றுமில்லை. ஓர் அறிவியல் கண்காட்சியில் அதை வைத்தபோது, பார்வையிட வந்தவர், "இது லாஜிக் ஐ.சி. இதில் கிட்டார் வாசிப்பது தவறு" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். மாணவர் என்னிடம் வந்து கேட்டார்: "தப்புன்னா, அது எப்படி சார் வேலை செய்யுது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நாட் கதவுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் கயிறு இழுக்கின்றன. மேலே உள்ளது வெளியீட்டை 9 வோல்ட் பக்கம் இழுக்கும். கீழே உள்ளது 0 பக்கம் இழுக்கும். உள்ளீடு 0 என்றால் மேலது மட்டும் இழுக்கும். 9 என்றால் கீழது மட்டும். உள்ளீடு ஏறக்குறைய 4.5 வோல்ட்டாக இருக்கும்போது இரண்டும் இழுக்கின்றன. அந்த நிலையில் உள்ளீடு சிறிது அசைந்தாலும் வெளியீடு எதிர்ப்பக்கம் பெரிதாக அசையும். சிறிய அசைவைப் பெரிதாக்குவதற்கு என்ன பெயர்? பெருக்கி!

கதவை அந்த நடுநிலையில் நிறுத்த, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் மின்தடை ஒன்று போதும். வெளியீடு ஏறினால் உள்ளீடும் ஏறி, வெளியீட்டைக் கீழே இறக்கிவிடும். கிட்டாரின் சைகையை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 100 கிலோ ஓம் மின்தடை வழியாகச் செலுத்த வேண்டும். ஒரு கதவு போதாவிட்டால் அடுத்த கதவையும் தொடராக இணைக்கலாம். பெருகிய அலை 9 வோல்ட்டைத் தாண்ட முடியாது. 0-க்குக் கீழும் போக முடியாது. எனவே அதன் உச்சிகள் வழவழப்பாகத் தட்டையாகின்றன. தட்டையான அலையில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் தந்தியிலிருந்து 330, 550 ஹெர்ட்ஸும் வலுவாக எழும். நம் காது கேட்கும் கரகரப்பு இதுதான்.

இது புதிய தந்திரமும் அன்று. ஆர்.சி.ஏ. நிறுவனம் 4000 வரிசை ஐ.சி.களை 1968-இல் லாஜிக் வேலைக்காகவே வெளியிட்டது. பின்னர் கிரெய்க் ஆண்டர்டன் என்ற அமெரிக்க இசைக்கலைஞர், அவ்வரிசையின் 4049-ஐக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய கிட்டார் சுற்று ஒன்றை எழுதிப் பரப்பினார்.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். ஐ.சி.யின் எண்ணுக்குப் பின் 'யூபி' என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். 'பி' மட்டும் உள்ள வகையில் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் இருப்பதால் நடுநிலை மிகக் குறுகிவிடும். சுற்று தானே கீச்சிடவும் கூடும். பயன்படாத உள்ளீடுகளைத் தரையுடன் இணையுங்கள். 9 வோல்ட் பாட்டரியையே பயன்படுத்துங்கள். எங்களைப் போல் உப்புக்காற்றில் வாழ்பவர்கள் பற்றவைத்த பலகையைத் துடைத்து வார்னிஷ் பூச வேண்டும். ஈர உப்பு படிந்தால் அதன் வழியே மின்சாரம் கசிந்து, நடுநிலை நகர்ந்துவிடும்.

"மாணவர்கள் முதலில் விதியைக் கற்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. நடுநிலையில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்துவதால் பாட்டரி விரைவில் தீரும். கணிப்பொறியில் 0 எது, 1 எது என்ற குழப்பமும் வரும். அதனால்தான் பொறியாளர்கள் அதை ஒதுக்குகிறார்கள். ஆனால் ஒன்றை அறிந்து ஒதுக்குவது வேறு, அது இருப்பதையே அறியாதிருப்பது வேறு.

ஆகவே என் யோசனை இது. பள்ளி ஆய்வகத்தில் உண்மை அட்டவணையுடன் இன்னொரு சோதனையையும் சேர்க்க வேண்டும். ஒரு 4069, ஒரு பாட்டரி, ஒரு 10 கிலோ ஓம் மாறுதடை, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். உள்ளீட்டை 0-லிருந்து 9 வோல்ட் வரை அரை வோல்ட் வீதம் உயர்த்தி வெளியீட்டைக் குறித்தால் 19 அளவீடுகள் கிடைக்கும். நடுப்பகுதியில் இன்னும் நெருக்கமாக அளந்து, வரைபடம் வரையுங்கள். அட்டவணையில் உள்ள இரண்டு வரிகளும் அந்தக் கோட்டின் இரு நுனிகளில் இருப்பதைக் காண்பீர்கள்.

பள்ளியில் சேர்க்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வரைந்ததை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கள் ஊர் மாணவர் இப்போது கண்காட்சிக்குப் போகும்போது பெட்டியுடன் அந்த வரைபடத்தையும் எடுத்துச் செல்கிறார்.