விண்கல்லும் ரப்பர் வளையமும்

விண்வெளி மர்ம நாவல் என்று ஒரு ஜாதி இருக்கிறது. அரசாங்கமும் விஞ்ஞானிகளும் கூடிக்கொண்டு ஆகாயத்தைப் பற்றி உலகத்தை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் அதற்கு மூலதனம். டான் பிரௌன் 2001-ல் வெளியிட்ட 'டிசெப்ஷன் பாயிண்ட்' அந்த ஜாதியில் பேர்போன ஒன்று. அது செய்யும் தீங்கைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

கதை இதுதான். வட துருவப் பனிக்குள் நாஸா ஒரு விண்கல்லைக் கண்டெடுக்கிறது. அதற்குள் கல்லாய்ச் சமைந்த பூச்சிகள். பூமிக்கு வெளியே உயிர் இருந்ததற்குச் சாட்சி! ஜனாதிபதிக்கோ தேர்தல் சமயம். கடைசியில் கல்லே ஜோடனை. கடலடியிலிருந்து எடுத்து, மேலே கருக்கி, பனிக்கு அடிப்புறமாகச் செருகியது.

கல் இருந்த குழித் தண்ணீரில் கடல் நுண்ணுயிர்கள் மின்னுகின்றன. நன்னீர்ப் பனியில் அவை எப்படி வந்தன? அருமையான துப்பு. நானும் நாவல் எழுதுகிறவன். எனக்குக் கிடைத்திருந்தால் பத்து அத்தியாயம் அதையே சுற்றி வந்திருப்பேன். இவருக்குப் பொறுமையில்லை. துப்பாக்கிக்காரர்களை ஏவிவிடுகிறார். யோசிக்க உட்கார்ந்த வாசகன் எழுந்து ஓட வேண்டியதாகிறது.

இதையாவது மன்னிக்கலாம். ஆனால் புத்தகத்தின் முகப்பிலேயே, கதையில் வரும் கருவிகளெல்லாம் மெய்யானவை என்று உறுதி கூறுகிறாரே, அதை மன்னிக்க முடியாது. கருவி மெய்யென்றால் சூழ்ச்சியும் மெய்தான் என்று வாசகன் நம்பத் தொடங்குகிறான்.

மெய்யாகவே நடந்தது என்ன? 1984-ல் அண்டார்டிகாவின் ஆலன் குன்றுகளில் ஒரு கல் கிடைத்தது. எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, செவ்வாயிலிருந்து வந்தது. அதில் பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று 1996 ஆகஸ்டில் நாஸா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஜனாதிபதி கிளின்டனே அன்று பேசினார். பிறகு யாரும் யாரையும் சுடவில்லை. மற்ற விஞ்ஞானிகள் கல்லின் துணுக்குகளை ஆராய்ந்தார்கள். உயிர் இல்லாமலும் இவை உண்டாகலாமே என்று பகிரங்கமாக மறுத்து எழுதினார்கள். இன்று பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்பதில்லை.

அப்படியானால் நாஸா எதையுமே மூடி வைத்ததில்லையா? வைத்தது. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது வினாடியில் சிதறி, 7 பேர் மாண்டார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டுக்களில் இருந்த ரப்பர் வளையங்கள் அதற்கு முந்திய பயணங்களிலேயே அரிபட்டு வந்தன. குறிப்பு எழுதினார்கள், கோப்பில் வைத்தார்கள். குளிரில் வளையம் விறைத்துவிடும், ஏவ வேண்டாமென்று முந்தின இரவு இஞ்சினீயர்கள் மன்றாடினார்கள். அவர்களுடைய மேலதிகாரிகளே அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசி உத்தரவு போட்டவர்களின் காதுக்கு அந்தத் தடை எட்டவே இல்லை.

இதில் கொலைகாரப் படை எங்கே? சூத்திரதாரி எங்கே? விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு வளையத் துண்டை இடுக்கியில் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். அது பழைய உருவத்துக்குச் சட்டென்று திரும்பவில்லை. துப்பு துலங்கிவிட்டது.

சதி நாவலைப் படித்துப் பழகியவன் எங்கும் ஒரு வில்லனைத் தேடுகிறான். பலர் பார்க்கப் பரிசோதித்த உண்மையைச் சந்தேகிக்கிறான். மேஜைமேல் தூங்கும் கோப்பைச் சந்தேகிக்க அவனுக்குத் தெரிவதில்லை. அந்த 7 பேரைக் கொன்றது அந்தக் கோப்புத்தான். மர்ம நாவல் எழுதுகிறவர்கள் அதைப் பற்றி எழுதட்டும். முதல் பிரதியை நானே காசு கொடுத்து வாங்குகிறேன்.