நேர்புள்ளி, ஊடுபுள்ளி, தகடு

வடிவங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கி ஓர் ஓவியம் செய்துவரச் சொல்வது நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் நடப்பது. வந்து சேர்வது பெரும்பாலும் ஸ்டென்சிலால் அச்செடுத்த பூக்கள், பளபளப்புத் தாளில் வெட்டி ஒட்டிய முக்கோணங்கள், பெற்றோர் கைபட்ட நேர்த்தியான விளிம்பு. சார்ட் சுவரேறுகிறது, மதிப்பெண்ணும் விழுகிறது. அடுத்த வடிவம் எங்கே, ஏன் அங்கே என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இல்லை. தொடக்க வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘அமைப்புகள்’ என்று தனிப் பகுதியே இருந்தும் இந்த நிலை. வடிவத்தைக் கடை கொடுக்கலாம், தாளை அரசு கொடுக்கலாம். வடிவம் நகரும் விதியைப் பிள்ளைதான் வகுக்க வேண்டும், மதிப்பெண்ணும் அதற்கே போக வேண்டும் என்பது நம் வாதம்.

இதற்கு ஜவளகிரியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய, தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லையோர ஊர் அது. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் வழக்கம் மூன்று மொழிக்காரர்களிடமும் உண்டு. நேர்புள்ளியில் ஒரு வரிசைக்கு நேர்கீழே அடுத்த வரிசை நிற்கும். ஊடுபுள்ளியில், மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்வரிசைப் புள்ளி விழும். ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்றால் போதும். 169 புள்ளிகள் கொண்ட அறுகோணம் கோலமிடுபவருக்குக் கண்முன் வந்துவிடும். இதே இரண்டு முறைகளும் ஓசூர்த் தொழிற்பேட்டையின் பிரஸ் பட்டறைகளில் காசாகப் பேசுகின்றன. தகட்டிலிருந்து வட்டத் துண்டுகளை நேர்புள்ளிபோல் வெட்டினால், ஓரச் சேதத்தைச் சேர்க்காமலே தகட்டில் 78.5 சதவீதம்தான் பயன்படும். ஊடுபுள்ளிபோல் வரிசையைத் தள்ளி வெட்டினால் 90.7 சதவீதம் வரை போகலாம். ஒரே அளவு வட்டங்களை இதைவிட நெருக்கி அடுக்கவே முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை. மிச்சமெல்லாம் ஸ்கிராப். வாசலில் ஒருவரும் பட்டறையில் ஒருவரும் இதே கணக்கைப் போடும் வீட்டுப் பிள்ளையிடம் நாம் ஸ்டென்சிலைக் கொடுத்தனுப்புகிறோம்.

கோலத்தில் விதி இருக்கிறது என்பது நம் கற்பனை அல்ல. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியது. கணினியை வகுப்பறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே வகுப்பறைக்கு வெளியே அதற்கான பாடம் இருந்திருக்கிறது.

விதி, விதி என்றால் ஓவிய வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடும், பிள்ளையின் கற்பனை செத்துவிடும் என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்லக்கூடும். செய்து பார்த்தால் இதற்கு நேர்மாறாகவே நடக்கும். ஒரு சதுர அட்டையின் இடப்பக்கத்தில் மனம்போனபடி ஒரு துண்டு வெட்டி, திருப்பாமல் புரட்டாமல் அப்படியே நகர்த்தி வலப்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பரப்பு மாறாது, அந்த அட்டையை அச்சாக வைத்து வரைந்துகொண்டே போனால் தாள் இடைவெளியின்றி நிரம்பும். விதி ஒன்றுதான், ஆனால் ஒருவர் அட்டை மீனாகும், இன்னொருவருடையது யானையாகும். துண்டைச் சற்று மேலே தள்ளி ஒட்டியவர் நேர்வரிசையிலேயே வரைந்தால் தாளில் ஓட்டை விழும். அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று தேடுவதே அன்றைய பாடம். அதை வெள்ளைப் பென்சிலால் மூடவிடாதீர்கள். 1936இல் டச்சு ஓவியர் எஷர் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு இரண்டாம் முறை சென்று ஓடு பதித்த சுவர்களைப் படியெடுத்த பிறகுதான் அவருடைய பல்லிகளும் பறவைகளும் பெருகின. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராமலே தளத்தை இடைவெளியின்றி நிரப்புவதால் 2023இல் உலகம் பேசிய ‘தொப்பி’ வடிவத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித்தும் அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தவர்தான். அவர் தொழில்முறைக் கணிதவியலாளர் அல்லர்.

கோலம் பெண்பிள்ளைகளின் வேலை, ஒரு சமயத்தாரின் வழக்கம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. யாரையும் கோலம் போடச் சொல்ல வேண்டியதில்லை. அல்ஹம்ப்ராவின் சுவர்கள் முஸ்லிம் மன்னர்கள் எழுப்பியவை. பள்ளிவாசல் ஜன்னலின் கல்வலை, தரை ஓடு, செங்கல் கட்டு, தகடு என்று தொடங்க இடங்கள் பல. ஆனால் கோலத்தைத் தவிர்ப்பதும் தீர்வாகாது. பெண்கள் நாளும் செய்வதாலேயே அறிவு என்று எண்ணப்படாமல் போன ஒன்றைப் பையன்களும் புள்ளி எண்ணிப் பார்த்தால் நட்டமில்லை.

நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களுக்கு வாரத்தில் சில நாள்தான். அதிலும் விழா மேடை அலங்காரம் பங்கு கேட்கும். எனவே சார்ட்டையே விட்டுவிடலாம். சாக்பீஸும் சிமெண்டுத் தரையும் போதும். வளரறி மதிப்பீட்டுக்கு ஒரு சோதனை: பிள்ளை தன் விதியைச் சொற்களிலோ அம்புக்குறிகளிலோ எழுதட்டும், பக்கத்துப் பிள்ளை ஓவியத்தைப் பார்க்காமல் அதைப் படித்து அடுத்த மூன்று வரிசைகளை வரையட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு அம்புக்குறியே போதும். வரிசைகள் பொருந்தினால் எழுதியவருக்கு மதிப்பெண். பொருந்தாவிட்டால், பிழை எழுதியதிலா வரைந்ததிலா என்று இருவரும் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்து, மறுபடி வரையட்டும்.