கடற்காகத்தின் தலை கறுக்கும் மாதம்



வசந்த காலம் என்று பள்ளிக்கூடத்திற் படித்தோமே தவிர, எமது தீவகத்தில் அதற்கென்று பூத்துக் குலுங்கும் சோலை எதுவும் இல்லை. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் எழும்ப முன் கடல் சற்று அமைதியாகக் கிடக்கும் மாசி, பங்குனிதான் எமது வசந்தம். அந்த நாட்களில் கரையில் நிற்கும் பறவைகளைக் கவனித்திருக்கிறீர்களா?

"சோற்றுக்கே கஷ்டம், இதிலே பறவை பார்க்கச் சொல்கிறாளே" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வேலணைப் பக்கத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில், சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்தபின், வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, கடற்காகத்துக்குத் தலை கறுக்கத் தொடங்கீட்டுது. இனி எல்லாம் போயிடும்."

அவர் எந்தப் பறவைப் புத்தகமும் படித்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதைத்தான் புத்தகங்களும் சொல்கின்றன. மாரியில் எம்மிடம் வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் தலை அப்போது வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் தெரியும். பங்குனி நெருங்க, தலை முழுவதும் கடுங்கபில நிறமாகும். தூரத்தில் பார்த்தால் தொப்பி போட்டது போலிருக்கும். முட்டையிடும் காலத்துக்கான உடுப்பு அது. அதை உடுத்திக்கொண்டு திபெத், லடாக் பக்கத்து மலை ஏரிகளுக்குப் புறப்பட்டுவிடும். சேற்றிலே குத்திக் குத்தி இரை தேடும் வளைந்த சொண்டு உள்ளானும் அப்படித்தான். சாம்பல் நிறத்தில் வந்தது, செங்கல் நிறமாகிச் சைபீரியாவுக்குப் போகும்.

கடற்காகத்தையும் ஆலாவையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. கடற்காகம் பருத்தது, தண்ணீரில் வாத்துப் போல மிதக்கும். ஆலா மெலிந்தது; பெரும்பாலானவற்றுக்கு வால் கவர் விட்டிருக்கும். மேலே நின்று குறிபார்த்து மீனுக்குப் பாயும். மண்டைதீவு, அல்லைப்பிட்டிக் களப்பில் தலையைக் கவிழ்த்து நீரை வடித்துச் சாப்பிடும் பூநாரையை எவரும் மாறி அடையாளம் காணமாட்டார்கள். அதன் இளஞ்சிவப்பு நிறம் உண்ணும் உணவிலிருந்து வருவது.

2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு பெரிய கடற்காகத்தின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, அதற்கு மேகா என்று பெயரிட்டனர். அது ருஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமால் குடாநாடு வரை பறந்தது. 7,000 கிலோமீற்றருக்கு மேல்! எங்கள் வான்கடலால் இப்படி எத்தனை போகின்றனவோ.

இவற்றை எழுதி வையுங்களேன் என்று கேட்டபோது அந்தக் கூட்டத்தில் ஒரு மௌனம். காரணம் எனக்கு விளங்கியது. 1990, 91 இல் தீவகத்தை விட்டு வெளியேறியது முதல் எத்தனை படிவங்கள், எத்தனை பெயர்ப் பட்டியல்கள்! காணாமற்போன மகனின் விபரத்தைப் பத்துத் தடவை எழுதிக் கொடுத்த தாய்க்குப் பேனையைக் கண்டாலே கை கூசும். கரையில் நின்று கடலைப் பார்ப்பதே சந்தேகத்துக்குரியதாக இருந்த காலத்தையும் நாம் கடந்து வந்திருக்கிறோம். ஆகவே இது யாரிடமும் கொடுக்க வேண்டிய கொப்பி அல்ல என்று சொன்னேன். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கம் போதும்.

ஆனாலும் அதற்கு ஒரு பயன் வரக்கூடும். 2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் இயந்திரத்தை நம்பியிருக்கும் தீவுகளுக்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும். அதை வேண்டாமென்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் காற்றாடியை எந்த மூலையில் நடலாம், எது பறவைகளின் பாதை என்று கேள்வி எழும்போது, விடியற்காலையில் கரையில் நிற்கும் பெண்களுக்குத் தெரிந்தது எந்தக் கடதாசியிலும் இல்லாவிட்டால் எங்களை யார் கேட்பார்கள்?

திகதி, இடம், ஏறத்தாழ எத்தனை, என்ன செய்துகொண்டு நின்றது: இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் உங்கள் ஊரில் வழங்கும் பெயரை எழுதுங்கள், அல்லது கால், சொண்டு, நிறம் எழுதுங்கள். காலில் வளையம் கண்டால் அதன் நிறத்தையும் இலக்கத்தையும் குறியுங்கள். வெறுந்தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தால் கிட்டப் போகாமல் விலகி நடவுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகேறும் நெடுந்தீவு, நயினாதீவுச் சகோதரிகளே, நீங்கள் கண்டதை எமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றைச் சேர்த்துப் போடலாம்.