மகப்பேறும் மருத்துவப் பொறுப்பும்

மகப்பேற்றின்போது ஒரு தாய் மறைந்துவிட்டால், அவருக்கு ஷஹீதின் அந்தஸ்து கிட்டும் என்று கூறி ஆறுதல் பெறுவது நம் இல்லங்களில் வழக்கம். நபிமொழியின் அடியாகப் பிறந்த அவ்வாறுதல் உயர்ந்தது. துயருற்ற நெஞ்சுக்கு அதனினும் மேலான மருந்தில்லை. ஆனால், ஆறுதல் சொல்லிய அதே வாயால், "எல்லாம் தக்தீர், இனி ஏன் கிளற வேண்டும்?" என்று வினாவையும் அடைத்துவிடுகின்றோம். இது பொருந்துமா? மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தும் நபிமொழித் தொகுப்புகளில் இருக்கின்றது. மறைந்தவருக்கு உயர்பதவி உண்டு என்பதும், இருப்பவர் பொறுப்புக் கூற வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இழப்பீடு கேட்போரைப் பணத்தாசை கொண்டவராக எண்ணும் போக்கு படித்தவரிடையேயும் உண்டு. அவர்கள் சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையில் பிறந்த ஒரு பெண்குழந்தையின் வழக்கினை அறிந்திருத்தல் நன்று. 1996 ஆகஸ்டில், கருவுற்ற 29-ஆம் வாரத்திலேயே பிறந்த அக்குழந்தையின் எடை 1250 கிராம். ஏறத்தாழ 25 நாள் வெப்பப் பெட்டியில் வைத்து, உயிர்வளி செலுத்திக் காப்பாற்றினர். அது மருத்துவத்தின் வெற்றியே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், இத்தகைய குழந்தைகளின் விழித்திரையில் குருதி நாளங்கள் முறைதவறி வளரக்கூடும். பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்து அறிந்தால் பார்வையைக் காக்க இயலும். காலம் தாழ்ந்தால் விழித்திரை கழன்று இருளே எஞ்சும். வீட்டுக்கு அனுப்பியபோதும், பின்னர்க் கொண்டுவந்து காட்டியபோதும், கண்ணைச் சோதிக்குமாறு பெற்றோரிடம் எவரும் கூறவில்லை. குழந்தைக்குப் பார்வையில்லை என்பதைச் சில திங்கள் கழித்தே அவர்கள் அறிந்தனர். அமெரிக்கா வரை சென்றும் பயனில்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-இல் 5 இலட்சம் ரூபாய் வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில், செய்த செலவையும், வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருத்துவத்தையும், விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. தீர்ப்பு வந்தபோது அக்குழந்தைக்கு வயது பதினெட்டு! இத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய தந்தையைப் பணத்தாசை கொண்டவர் என்று கூற எந்நா எழும்?

இவ்வழக்கில் அறுவைக் கத்தி தவறவில்லை, மருந்து மாறவில்லை. சொல்ல வேண்டிய ஒரு சொல் சொல்லப்படவில்லை. மகப்பேற்று வழக்குகள் பலவற்றின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. அரியானாவில் ஒரு கூலித் தொழிலாளிப் பெண், 1988-இல் கருத்தடை அறுவை செய்துகொண்டார். இனிக் கருவுறமாட்டார் என்று சான்றும் பெற்றார். உண்மையில் ஒருபக்கக் கருக்குழாய் மட்டுமே மூடப்பட்டிருந்தது. மீண்டும் ஒரு பெண்மகவு பிறந்தது. அதனை வளர்க்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் உறுதிசெய்தது.

மருத்துவர் தரப்பிலும் நியாயம் உண்டு. பிரசவத்திற்குப் பின் பெருகும் குருதிப்போக்கு, தேர்ந்த கைகளையும் மீறிச் சில மணி நேரத்தில் உயிர் கவரும். 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் அவ்வாறு ஒரு தாய் இறந்தார். மருத்துவம் பார்த்த பெண் மருத்துவர்மீது கொலை வழக்குப் பதிந்தனர். அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். எவ்வளவு கொடுமை! மருத்துவர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதற்குக் கவனக்குறைவு மிகப் பெரியதாக இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே வரையறுத்திருந்தும் இது நிகழ்ந்தது. மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பவரும் காவல் நிலையத்தை முற்றுகையிடுவோரும் நீதி கேட்பவர் அல்லர். அவர்களால் உண்மையாகப் பாதிக்கப்பட்டோரின் குரலும் ஐயத்திற்கு உள்ளாகின்றது.

மருத்துவப் பணியும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முதற்கண் வேண்டுவது மருத்துவக் குறிப்பேடு. கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவர் அதனைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதி. இதனைக் கேட்டுப் பெறுவோர் எத்தனை பேர்?

கேட்டுப் பெற்றாலும் படிக்க இயலுமா என்பது அடுத்த வினா. வீடு திரும்பும் தாயின் கையில் தரப்படும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துகளில் இருக்கின்றது. கலைச்சொல்லாக்கம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தும் நாம், இத்தாளினைத் தமிழில் அமைக்கும் பணியை ஏன் மேற்கொள்ளலாகாது? மருத்துவர் ஒருவரைத் துணைக்கொண்டு நம் துறை மாணவர்களே ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான். எந்நாளில் மீண்டும் வரவேண்டும், எவ்வறிகுறி கண்டால் உடனே விரைய வேண்டும், குறைமாதக் குழந்தையாயின் கண் சோதனை எப்போது என்னும் மூன்றையாவது முதலில் எழுதித் தொடங்கலாம்.