பக்கத்து வீட்டுக்காரர் தலையிட்டிருக்காவிட்டால்...

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் கட்டுரைப் போட்டி என்று பேத்தி உதவி கேட்டாள். தலைப்பு, கொரோனா தடுப்பூசி. ஊரில் நாம் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலர் போட்டுக்கொண்டது ஃபைசர் ஊசி. அதை ஃபைசரோடு சேர்ந்து உருவாக்கியது ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள பயோஎன்டெக். அதைத் தொடங்கியவர்களைப் பற்றித் தேடிப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உகுர் சாஹின் 1965-ல் துருக்கியில் பிறந்தவர். நாலு வயதில் ஜெர்மனிக்குப் போனார். அப்பா கொலோன் நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலைத் தொழிலாளி. அந்த நாட்டில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு பள்ளி, தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வேறு பள்ளி. சாஹினுக்குத் தொழில் வழிப் பள்ளியே போதும் என்று ஆசிரியர் பரிந்துரைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒருவர் தலையிட்டுப் பேசியதால்தான் பையன் மேல்படிப்புக்கான பள்ளியில் சேர்ந்தான்.

அந்தப் பையன் மருத்துவரானார், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே சந்தித்த மருத்துவர் ஓஸ்லெம் துரேசியை 2002-ல் மணந்தார். கல்யாணத்தன்று கூட இருவரும் ஆய்வகத்துக்குப் போய் வேலை பார்த்தார்களாம்!

"விஞ்ஞானிக்கு எதற்குக் கம்பெனி, அது வியாபாரம்தானே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது நோயாளியின் படுக்கை வரை போக வேண்டுமானால் பல வருடச் சோதனையும் பெரும் பணமும் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தால் அது முடியாது. அதனால்தான் 2001-ல் கனிமெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே உருவான வயிற்றுப் புற்றுநோய் மருந்துக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது 2024-ல். இருபது வருடத்துக்கு மேல்! சீக்கிரம் லாபம் பார்க்க நினைப்பவர் இத்தனை காலம் காத்திருக்க மாட்டார்.

2008-ல் பயோஎன்டெக் தொடங்கியதும் புற்றுநோய்க்காகத்தான். கட்டியின் அடையாளத்தை எம்ஆர்என்ஏ என்ற செய்தியாக உடலுக்குள் அனுப்பினால், நம் எதிர்ப்பு சக்தியே அதைத் தெரிந்துகொண்டு தாக்கும் என்பது அவர்கள் எண்ணம். 2020 ஜனவரியில் புதுக் கிருமியைப் பற்றிப் படித்ததும் அதே முறையைத் தொற்றுக்குத் திருப்பினார்கள். அந்த டிசம்பரிலேயே பிரிட்டனில் ஊசிக்கு அனுமதி வந்துவிட்டது.

இனி என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

1993-ல் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். உயரமானவன் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். கரும்பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவான். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஒரு தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்று சொன்னேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன்.

போன வருடம் பேருந்து நிலையத்தில் அவனே என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னான். தடித்த கண்ணாடி போட்டிருந்தான். "இருபத்திரண்டு வயசுலதான் டீச்சர் கண்ணாடி போட்டேன். அதுக்கு முன்னாடி போர்டே தெரியாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்பா சொல்லிட்டாரு" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் வீட்டுப் பக்கத்தில் தலையிட யாரும் இல்லை. ஒரே ஒரு நாள் முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று நம் அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்து 2020 பிப்ரவரியில் கைவிட்டது. "தேர்வு இருந்தால்தானே பிள்ளை படிக்கும்" என்று அப்போது வாதாடியவர்களில் நானும் ஒருத்தி. இன்று அந்தக் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் மதிப்பெண் அதன் அறிவை மட்டும் காட்டுவதில்லை. அதன் கண், காது, வீட்டில் சாப்பாடு, ஆசிரியரின் கவனம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். அதை வைத்து ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது.

எல்லாப் பிள்ளையும் சாஹின் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆக வேண்டியதும் இல்லை. போர்டு தெரிந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். "படிப்பு ஏறாது" என்று சொல்லும் முன் அந்தப் பிள்ளையை இடம் மாற்றி உட்கார வைத்துப் பாருங்கள், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருங்கள். டீச்சர் சொன்னாலும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேளுங்கள்.

என்னிடம் படித்து, நான் தவறாக எடை போட்டவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்