ஆகாயத்தில் அதிர்ஷ்டமா?

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் தோழர் ஒருவரின் மகன் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டான். ஜோசியரிடம் நாள் பார்த்தார்கள். இராகு காலத்துக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளப்பினார்கள். சென்னைக்குப் போகும் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பையன் சுகமாக இறங்கிச் சேதி வந்ததும், “எல்லாம் அவன் செயல்” என்று கற்பூரம் கொளுத்தினார்கள். நாம் ஒன்றுதான் கேட்டோம்: “அதே விமானத்தில் போன மற்றவர்களும் உம்முடைய ஜோசியரிடமா நாள் பார்த்தார்கள்?” அவர் சிரித்துக் கொண்டே, “மேலே போய்விட்டால் அதிர்ஷ்டந்தானே!” என்றார். அதிர்ஷ்டந்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நெருக்கடியான விமான நிலையங்களில் நிமிஷக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் இறங்குகின்றன. இறங்கும் பாதையோ ஒன்று அல்லது இரண்டு. சென்னை மீனம்பாக்கத்தில் இரண்டு பாதைகள் இருந்தும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன; மும்பையிலும் அப்படியே. ஆகையால் பாதை இரண்டு என்பதற்காக வேலை இரண்டு பங்கு நடந்துவிடாது. இறங்க வரும் விமானங்களை ரேடார் கருவியில் பார்த்துக் கொண்டே உத்தியோகஸ்தர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். நிலையத்தை நெருங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே சாதாரணமாக 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலும் கீழுமாக 1,000 அடி இருக்க வேண்டும். முன்னால் போவது கனத்த விமானமாகவும் பின்னால் வருவது நடுத்தரமானதாகவும் இருந்தால் 5 கடல் மைல் விட வேண்டும்.

ஏன் இந்தக் கணக்கு? பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து இரண்டு சுழற்காற்றுகள் கிளம்பிப் பின்னால் மெல்லக் கீழிறங்குகின்றன. சிறிய விமானம் அதில் மாட்டினால் புரண்டு போகக்கூடும். இந்தக் காற்றும் கண்ணுக்குத் தெரியாது. நம் கிராமத்துக் காற்றுக் கறுப்பும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை அளந்து பார்த்து, இத்தனை தூரம் தள்ளி வா என்று விதி செய்தார்கள். மற்றொன்றுக்கு வேப்பிலை அடித்துத் தட்சணை வாங்குகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். தறியிலே பாவு இழைகளைப் பண்ணை பிரித்து நிறுத்துவதால்தான் சிக்கலில்லாமல் சேலை இறங்குகிறது. பண்ணையைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக் கொண்டு எந்த நெசவாளியாவது தறியில் உட்காருவாரா?

நிற்க, கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வட நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1996 நவம்பர் 12ஆம் தேதி டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும், டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவில் சர்கி தாத்ரி அருகே ஆகாயத்தில் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வந்த விமானம் 15,000 அடியிலேயே நிற்க வேண்டியது. அது கீழே இறங்கி, 14,000 அடியிலிருந்த விமானத்தின் பாதைக்கு வந்துவிட்டது. அக்காலத்தில் டில்லியில் போவதற்கும் வருவதற்கும் ஒரே ஆகாய வழி. ரேடார், விமானம் இருக்குமிடத்தைக் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது. “அவர்கள் விதி முடிந்தது” என்று ஜனங்கள் சொன்னார்கள். விதியென்று எல்லோரும் சும்மா இருந்திருந்தால் இன்றைக்கும் அதே ஒற்றை வழிதான் இருந்திருக்கும். விசாரித்தார்கள், வழிகளைப் பிரித்தார்கள், உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது, மோதலைத் தவிர்க்கும் கருவி விமானங்களில் கட்டாயமாயிற்று. 1956இல் அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் மீது இரண்டு விமானங்கள் மோதி 128 பேர் மாண்ட பிறகு, 1958இல் ஆகாயப் போக்குவரத்தை நடத்தத் தனி இலாகாவே ஏற்பட்டது. பரிகாரம் என்றால் இதுவல்லவோ பரிகாரம்!

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. 2024 ஜூன் 8ஆம் தேதி மும்பையில் ஒரு விமானம் பாதையில் ஓடிக் கிளம்பிக் கொண்டிருக்கும்போதே, அதே பாதையில் பின்னால் மற்றொன்று இறங்கிவிட்டது. உயிர்ச்சேதமில்லை. உத்தியோகஸ்தர் ஒருவரை வேலையிலிருந்து விலக்கி வைத்து விசாரணை தொடங்கினார்கள். 2025 ஆகஸ்டு 10ஆம் தேதி டில்லிக்குப் போன ஒரு விமானம் சென்னைக்குத் திரும்பி, இறங்கும் சமயத்தில் மறுபடி மேலே எழும்பிற்று. பாதையில் வேறு விமானம் நின்றதாக அதில் பிரயாணம் செய்த பாராளுமன்ற அங்கத்தினர் கே.சி. வேணுகோபால் சொன்னார், அப்படியில்லை, கோபுரத்தின் உத்தரவுப்படி எழும்பினோம் என்று கம்பெனி சொல்லிற்று. பிரயாணிகளின் உயிர் அதிர்ஷ்டத்தில் இருக்கலாகாது என்று அவர் சொன்னதை மாத்திரம் நாம் முழுமனதாக ஒப்புக் கொள்ளுகிறோம். சந்தேகம் வந்தால் இறங்காமல் மேலே எழும்புவது அபசகுனமல்ல, அதுவே புத்தி.

தவறு நேர்ந்தால் பொறுப்பிலிருந்து தப்ப இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. ஒன்று, தலையெழுத்து என்பது. மற்றொன்று, ஒரு சிப்பந்தியைப் பிடித்து அவன் தலையில் கட்டிவிடுவது. இரண்டும் ஒரே ஜாதிச் சோம்பல்தான். அந்தச் சிப்பந்தி எத்தனை மணி நேரம் விழித்திருந்தான்? அவனிடம் எத்தனை விமானங்களை ஒப்படைத்தார்கள்? பக்கத்தில் உதவிக்கு ஆள் இருந்ததா? ஆள் பற்றாக்குறையையும் களைப்பையும் பற்றிப் பாராளுமன்றக் குழுவே 2025இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே போதிய ஆட்களை நியமிக்க வேண்டும். ஓய்வு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விசாரணையின் முடிவையும் ஜனங்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

“விமானமே ஏறாத எங்களுக்கு இது எதற்கு?” என்று ஆரணித் தோழர்கள் கேட்கலாம். வேலூர் ரோட்டில் முன்னால் போகும் லாரியை ஒட்டிக் கொண்டே ஓடும் பஸ்ஸில் தினமும் ஏறுகிறீர்களே! கண்ணாடிக்கு மேலே சாமி படம். முன்னும் பின்னும் இடைவெளி மாத்திரம் இல்லை. அடுத்த முறை அப்படி ஓட்டினால், டிரைவரிடம், “அய்யா, கொஞ்சம் தூரம் விட்டு ஓட்டும்” என்று எழுந்து நின்று சொல்லுங்கள். நூறு எலுமிச்சம்பழம் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும்.