எர்த் கம்பி அடிச்சா போதுமா? வாடகை ஜெனரேட்டரில் பலரும் கவனிக்காத ஆபத்து

திருவாலங்காடு வடாரண்யேஸ்வரர் கோயில், நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் அலைமோதும். இப்படி எந்த ஊர் திருவிழா என்றாலும் சீரியல் செட், மைக் செட்டுக்கு வாடகை ஜெனரேட்டர் வந்துவிடும். "எர்த் போட்டாச்சா?" என்று கேட்டால், மண்ணில் அடித்த ஒரு இரும்புக் கம்பியைக் காட்டுவார்கள். அந்தக் கம்பி மட்டும் உயிரைக் காப்பாற்றாது.

ஏன் போதாது?

ஜெனரேட்டரில் இருந்து கிளம்பும் கரண்ட், மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. அது திரும்ப ஜெனரேட்டரின் நியூட்ரலுக்கே வந்து சேரப் பார்க்கும். மைக் செட் பாடியில் லீக் ஆகி, மண் வழியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் தடை 25 ஓம் என்றால், 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. பாடியில் கரண்ட் அப்படியே இருக்கும். தொடுபவருக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு.

அப்போ எது காப்பாற்றும்?

மூன்று விஷயம் சேரணும். ஒன்று, கருவியில் இருந்து ஜெனரேட்டர் பாடி வரை அறுபடாத எர்த் வயர். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு, இரண்டு பின்னில் சொருகினால் இந்தப் பாதையே போச்சு. இரண்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. லீக் ஆனதும் கண் சிமிட்டும் நேரத்தில் சப்ளையைத் துண்டிக்கும். மூன்று, ஜெனரேட்டரின் நியூட்ரலும் பாடியும் உள்ளே இணைந்திருப்பது.

பலர் கோட்டை விடுவது இந்த மூன்றாவதில்தான். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பாடியோடு சேராமல் தனியாக இருக்கும். அதில் முதல் லீக்கில் எதுவுமே விழாது. ஆபத்து இருப்பதும் தெரியாது. வேறொரு இடத்தில் இரண்டாவது லீக் ஆனால்தான் உயிருக்கு வினை. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதே என்று நிம்மதி ஆகவும் முடியாது. அது தனக்குள்ளேயே சோதித்துக்கொள்ளும்; எர்த் சரியா என்று சொல்லாது. நியூட்ரலை இணைக்க வேண்டுமா, எங்கே இணைக்க வேண்டும் என்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

வீட்டுக்கு இணைக்கலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை வீட்டு சாக்கெட்டில் சொருகுவது மிக ஆபத்து. அந்த கரண்ட் வெளியே போய், தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் வரை ஆகலாம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறும் லைன்மேன்தான் பலியாவார். பேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

எர்த் காப்பாற்றாத இடம்

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சை களிமேட்டில் தேர் மேலே சென்ற உயரழுத்த கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். அந்த வோல்டேஜுக்கு ஜெனரேட்டர் எர்த்தோ ஆர்.சி.சி.பி.யோ ஈடுகொடுக்காது. உயரத்தை முன்பே அளப்பதும், மின்வாரியத்திடம் சொல்லி சப்ளையை நிறுத்துவதும்தான் வழி.

ஸ்டார்ட் பண்ணும் முன் கேளுங்க

* எல்லா பிளக்கிலும் மூன்று பின் இருக்கா?
* 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எங்கே?
* நியூட்ரல், எர்த் இணைப்பைச் சோதித்தது யார்?
* ஜாயின்ட்டுகள் ஈரத் தரையில் கிடக்கா?
* ஜெனரேட்டர் காற்றோட்டமான வெளியிடத்தில் இருக்கா? அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் உயிரைக் குடிக்கும்.

வயர் அறுந்து விழுந்தால் பக்கத்தில் போகாதீங்க. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே சொல்லுங்க.